‘வாழ்க்கை கொடுக்கிறேன்’ என்கிறவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கேள்வி:

மேடம், எனக்கு வயது 30. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கைக்கு 41 ஆயிரம் வருகிறது. பல வரன்கள் தட்டிப்போய், கடைசியில் தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது. ஆவணியில் கல்யாணம். அவருக்கு 33 வயது, கோவையில் ஐ.டி. வேலை. குடி, சிகரெட் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல பையன் என்கிறார்கள்.

ஆபீஸில் சரக்கு வாங்கும் பையருடன் மீட்டிங்கில் இருந்தால் என்னால் ஃபோன் எடுக்க முடியாது. வெளியே வந்து பார்த்தால் பத்துப் பதினைந்து மிஸ்டு கால் இருக்கும். பிறகு வீடியோ காலில் வந்து, “கேமராவைச் சுத்திக் காட்டு” என்பார். லொகேஷனை எப்போதும் ஆன் செய்து வைக்கச் சொன்னார், வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு என் சம்பளம் முழுக்க அத்தையின் கணக்குக்குப் போக வேண்டும், அதுதான் அவர்கள் வீட்டு வழக்கம் என்கிறார். போன மாதம் அவருடைய பெரியப்பா வீட்டு விசேஷத்தில் எல்லோர் முன்னாலும், “முப்பது வயசாயிடுச்சு, நான்தான் இவளுக்கு வாழ்க்கை கொடுக்கிறேன்” என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். கஷ்டமாக இருந்தது என்று அவரிடம் சொன்னதற்கு, “காமெடிக்குச் சொன்னதைப் பிடிச்சுத் தொங்கறே” என்று நாலு நாள் பேசவே இல்லை. ஐந்தாம் நாள் எனக்குப் பிடித்த கலரில் புடவையோடு வந்து நின்றார். அன்று முழுக்க அவ்வளவு அன்பு. இப்படி நடப்பது மூன்றாவது தடவை.

அம்மாவிடம் சொன்னால், “ஆம்பளைங்க அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும். தங்கச்சி இருக்கா, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு” என்கிறார். தோழியோ, “உனக்கு செல்ஃப் ரெஸ்பெக்டே இல்லை, முதல்ல உன்னை நீ லவ் பண்ணு” என்று ரீல்ஸாக அனுப்புகிறாள். எனக்கும் குறை காணும் புத்தி உண்டு. அவர் என்னைவிட உயரம் கொஞ்சம் கம்மி, ஹோட்டலில் சத்தமாகப் பேசுவார், சினிமா என்றால் சண்டைப் படம்தான். இதெல்லாமும் உறுத்துகிறது. என் எதிர்பார்ப்பு அதிகமா, இல்லை எனக்குத் தன்மதிப்பு குறைவா? கவுன்சலிங் வந்து என்னைச் சரிசெய்துகொண்டு பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாமா?

— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள திருப்பூர் வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் பதினைந்து மிஸ்டு கால் கொடுத்தவர் அவர். நாலு பேர் நடுவில் கேலி செய்தவர் அவர். நாலு நாள் வாயை மூடிக்கொண்டவரும் அவர்தான். ஆனால் கவுன்சலிங் வந்து சரிசெய்துகொள்ள வேண்டியவர் மட்டும் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கு எங்கோ இடிக்கிறது என்று உங்களுக்கே பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் முன்பின் தெரியாத எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கேட்டது உங்கள் பக்கத்தை மட்டும்தான். அவரை நான் பார்த்ததில்லை. அதனால் அவர் இப்படிப்பட்டவர், அப்படிப்பட்டவர் என்று பட்டம் எதுவும் கட்ட மாட்டேன். ‘நார்சிஸிஸ்ட்’, அதாவது தன்னைத் தவிர யாரையும் பொருட்படுத்தாதவர், என்ற சொல் இப்போது டீக்கடை வரை வந்துவிட்டது. நேரில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிப் பார்த்த பிறகும் கவுன்சலர்களான நாங்கள் தயங்கித் தயங்கிச் சொல்வதை, ஒரு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை நெற்றியில் ஒட்டிவிடுகிறார்கள். நமக்கு அது வேண்டாம். அவர் என்ன செய்தார் என்பது கடிதத்தில் இருக்கிறது. பேசுவதற்கு அது போதும்.

உங்கள் தோழி நல்லெண்ணத்தில்தான் ரீல்ஸ் அனுப்புகிறார். ஆனால் ‘முதலில் உன்னை நீ நேசி, அப்புறம் உலகம் உன்னை மதிக்கும்’ என்கிற உபதேசத்தின் மீது எனக்கு வெகுநாளாகவே கோபம். பெண்ணை ஒருவர் அவமதித்தால், அதற்கும் பெண்தான் தேர்வு எழுதி பாஸாக வேண்டும் என்கிற கதை அது. சமையல் தெரியுமா, நிறம் எப்படி, எத்தனை பவுன் போடுவீர்கள் என்ற பழைய தேர்வுகளோடு ‘உனக்குத் தன்மதிப்பு இருக்கிறதா’ என்ற புதுத் தேர்வும் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்க உளவியலாளர் மார்க் லியரியும் அவருடைய சகாக்களும் 1995-இல் வேறொரு கோணத்தை முன்வைத்தார்கள். தன்மதிப்பு என்பது ஒருவர் தனியாக உட்கார்ந்து உள்ளுக்குள் சேமித்து வைக்கிற சரக்கு அல்ல. சுற்றியிருப்பவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா ஒதுக்குகிறார்களா என்பதை மனம் ஓயாமல் கவனித்து நமக்குத் தெரிவிக்கிற ஏற்பாடு என்றார்கள். அவர்களுடைய சோதனை ஒன்றில், ‘குழுவினர் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை’ என்று சிலரிடம் சொன்னார்கள். அவர்களுக்குத் தங்களைப் பற்றிய மதிப்பு உடனே இறங்கியது. ‘குலுக்கலில் நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள்’ என்று சொல்லப்பட்டவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. விலக்கப்பட்டது இரு தரப்பும்தான். ஆட்கள் வேண்டாம் என்றதுதான் வலித்தது.

இதை உங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். தைக்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? வெளிநாட்டு பையரிடம், “இந்த ரேட்டுக்கு இந்தத் தேதியில் சரக்கு தர முடியாது” என்று சொல்லிப் பழகியவர் நீங்கள். டையிங்கில் ஷேடு மாறி வந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தன்மதிப்புக் குறைவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தைக்கும் இன்றைக்கும் நடுவில் அது இறங்கியிருக்கிறது என்றால், இறங்கியதற்கான காரணத்தை உங்கள் குணத்தில் தேடுவதை விட, இந்த மாதங்களில் நீங்கள் நடத்தப்பட்ட விதத்தில் தேடுவதுதான் முறை. உங்கள் மனம் வேலை செய்யாமல் போகவில்லை. சரியாகவே வேலை செய்கிறது; நீங்கள்தான் அதை நம்ப மறுக்கிறீர்கள்.

இதனால் கைமேல் ஒரு பலன் உண்டு. தன்மதிப்பு முழுசாக வளர்ந்த பிறகுதான் ஒரு விஷயத்துக்கு ‘முடியாது’ சொல்ல வேண்டும் என்றில்லை. குரல் தடுமாறிக்கொண்டே சொல்லலாம். அழுதுகொண்டே கூடச் சொல்லலாம். என்னிடம் வருகிற பெண்கள் பலருக்கும் தைரியம் வந்தது சொன்ன பிறகுதான்.

சரி, எதிர்பார்ப்பு அதிகமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடை உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. ஷிப்மென்டுக்கு முன் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் குறைகளை மைனர், மேஜர், கிரிட்டிக்கல் என்று மூன்றாகப் பிரிப்பீர்கள். நூல் பிசிறு வெட்டாமல் விட்டிருந்தால் மைனர். ஏ.க்யூ.எல்., அதாவது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு, 4 என்று பல பையர்கள் வைத்திருப்பார்கள். அந்த அளவுக்குள் இருந்தால் லாட் போய்விடும். தையல் விட்டிருந்தால் மேஜர். அதற்குப் பெரும்பாலும் 2.5, அதிகமானால் ரீ-செக் செய்து, சரிசெய்து அனுப்ப வேண்டும். குழந்தைச் சட்டையில் உடைந்த ஊசித் துண்டு ஒன்று, ஒன்றே ஒன்று, கிடைத்தால்? லாட் அங்கேயே நிற்கும். “மீதிப் பீஸெல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்று அங்கே யாரும் வாதாட மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று வகையும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. உயரம், ஹோட்டல் சத்தம், சண்டைப் படம் எல்லாம் நூல் பிசிறு. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனவர்களைக் கேளுங்கள், இதைவிட நீளமான பட்டியல் வைத்திருப்பார்கள். அவருக்கும் உங்களைப் பற்றி ஒரு பட்டியல் இருக்கும். இவை உறுத்துவதில் தப்பில்லை, பொறுத்துக்கொள்வதிலும் தப்பில்லை. ஆனால் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்றால், இந்தச் சில்லறைகளைப் பெரிய விஷயங்களோடு சேர்த்து எழுதி, ‘பார்த்தீர்களா, நான் குறை காண்பவள்’ என்று உங்களுக்கு எதிராக நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டீர்கள்.

சம்பள விஷயம் மேஜர். பேசித் தீர்க்கக்கூடியது, ஆனால் தீர்க்காமல் விடக்கூடாதது. அவர்கள் வீட்டில் ஹவுசிங் லோன் ஓடலாம். அத்தைதான் வீட்டு வரவு செலவைப் பார்ப்பவராக இருக்கலாம். கேட்டதையே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். இது வழக்கம் என்றால், அவருடைய சம்பளமும் முழுக்க அம்மா கணக்குக்குத்தான் போகிறதா என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். வழக்கம் யாருக்கெல்லாம் பொருந்துகிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. ஒரு பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் ஈட்டியதற்கு அவளே முழு உரிமையாளர் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14-ஆம் பிரிவு சொல்கிறது. மனைவிக்கு உரிய பணத்தை அவளுக்குக் கிடைக்காமல் செய்வதைப் பொருளாதார வன்முறை என்றே 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்பது பேராசை இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். இருவரும் வீட்டுச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுக் கணக்கில் போடுவது இன்று பல வீடுகளில் நடக்கிறது.

‘கேமராவைச் சுத்திக் காட்டு’ என்பதையும் மேஜரில்தான் வைப்பேன், விளிம்பில். புதிதாக நிச்சயமானவர்களிடம் பதற்றம் இருக்கும், எப்போதும் பேசிக்கொண்டே இருக்கத் தோன்றும். ஆனால் பேசத் தோன்றுவது வேறு, சோதனை போடுவது வேறு. உங்கள் லொகேஷன் அவருக்குத் தெரிகிறது. அவருடையது உங்களுக்குத் தெரிகிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அப்படியானால் ஊசித் துண்டு எது? அந்தக் கேலி என்று நினைப்பீர்கள். மோசமான கேலிதான். அவருக்கும் 33 வயதாகிறது. அவருக்கு மட்டும் யாரும் வாழ்க்கை கொடுக்கவில்லையாமா? இருந்தாலும், சொந்தக்காரர்கள் கூட்டத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு வருந்துகிற ஆண்கள் உண்டு. அதைத் திருத்த முடியும். என் கணக்கில் ஊசித் துண்டு, வலிக்கிறது என்று நீங்கள் சொன்னதற்குக் கிடைத்த அந்த நாலு நாள் மௌனம். அதுவும் மூன்றாவது தடவை. ஏன் என்றால், மற்ற எல்லாக் குறையையும் பேசித்தான் சரிசெய்ய முடியும். பேசியதற்கே தண்டனை என்றால் சம்பளத்தையும் சரிசெய்ய முடியாது, கேமராவையும் சரிசெய்ய முடியாது, நாளைக்குக் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதைக் கூடப் பேச முடியாது. வாயைத் திறந்தால் நாலு நாள் இருட்டு என்று ஆனால், எதற்கு வம்பு என்று நீங்களே வாயை மூடிக்கொள்வீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ‘சண்டை சச்சரவே இல்லாத ஜோடி’ என்பார்கள்.

புடவை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1957-இல் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இருவர் புறாக்களையும் எலிகளையும் வைத்து நடத்திய சோதனைகளைப் பெரிய நூலாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தீனி கிடைத்தால், தீனி நின்றதும் புறா சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் எப்போதாவது கிடைத்தால், நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். மனுஷ மனமும் இந்த வகையில் பெரிதாக மாறுபட்டதில்லை. நாலு நாள் பட்டினி போட்ட அன்பு ஐந்தாம் நாள் ஒரேயடியாக வரும்போது, சாதாரண நாளில் வருவதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அவர் திட்டம் போட்டுச் செய்கிறார் என்று சொல்லவில்லை. பேசித் தீர்க்கத் தெரியாதவராக இருக்கலாம். அவருடைய அப்பா, அவர் அம்மாவுக்குப் புடவையால்தான் சமாதானம் சொல்லியிருக்கலாம். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஐந்தாம் நாள், விசேஷ வீட்டில் சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையாவது பேசினாரா? புடவையின் கலரைக் கூட எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எழுதவில்லை.

அம்மா சொல்வதையும் நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ‘போகப் போகச் சரியாயிடும், அனுசரிச்சுப் போ’ என்பதில் ஒரு அனுபவம் இருக்கிறது. ஜேம்ஸ் மெக்நல்டி என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் புதுமணத் தம்பதியரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். பிரச்சினையை நேருக்கு நேர் பேசித் தீர்க்கிற ஜோடிகளில், எதிர்பார்ப்பு உயர்வாக இருந்தவர்கள் திருப்தியாகவே இருந்தார்கள். குத்தலும் மறைமுகப் பழியுமாக வாழ்கிற ஜோடிகளில், எதிர்பார்ப்பு உயர உயரத் திருப்தி தேய்ந்தது. அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மா சொல்வது ஒரு வகையில் உண்மை. குத்தல் உள்ள வீட்டில் எதையும் எதிர்பார்க்காமல் இருந்தால் வலி குறையும். நம் அம்மாக்கள், பாட்டிகள் பலர் அப்படித்தான் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வீடும் பணமும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் இருந்தன. உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு உள்ளே போகலாமா, எதிர்பார்ப்புக்கு இடம் தருகிற ஆளா என்று பார்த்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்க உங்களுக்கு ஆவணி வரை நேரம் இருக்கிறது.

‘எல்லாருக்கும் கல்யாணத்துக்கு முன்னால் சந்தேகம் வரும்’ என்றும் சொல்வார்கள். வரும்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் 232 புதுமண ஜோடிகளிடம் கேட்டபோது, பெண்களில் 38 சதவீதம் பேர் கல்யாணத்துக்கு முன் தயக்கம் இருந்ததாகச் சொன்னார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால், தயங்கிய பெண்களில் 19 சதவீதம் விவாகரத்து ஆகியிருந்தது. தயங்காதவர்களில் 8 சதவீதம். 2012-இல் வெளியான ஆய்வு இது. அந்த ஊர்க் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது, இங்கே பிரியாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். தயங்கியவர்களில் பெரும்பாலோர் சேர்ந்தேதான் வாழ்ந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். எனவே தயக்கம் வந்துவிட்டதே, நிறுத்திவிடலாம் என்று முடிவுகட்ட வேண்டாம். எல்லாருக்கும் வருவதுதானே என்று தலையணைக்கு அடியில் வைக்கவும் வேண்டாம். என்ன என்று விசாரிக்க வேண்டும்.

மண்டப அட்வான்ஸ் பற்றி. 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்கள். நூறு டாலருக்கு ஒரு பனிச்சறுக்குப் பயணம், ஐம்பது டாலருக்கு இன்னொன்று. இரண்டுக்கும் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. ஐம்பது டாலர் பயணம்தான் அதிகச் சந்தோஷமாக இருக்கும். இரண்டும் ஒரே நாளில் வருகின்றன, எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டோர் நூறு டாலர் பயணத்தைச் சொன்னார்கள். சந்தோஷம் குறைவு என்று தெரிந்தும், கொடுத்த காசு வீணாகக் கூடாதாம். அட்வான்ஸில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது மண்டப ரசீதில் எழுதியிருக்கும், எடுத்துப் படியுங்கள். போனாலும் அது ஒரு தொகைதான். நகை உங்களிடமே இருக்கிறது. தங்கையைப் பொறுத்தவரை, அக்கா கல்யாணம் தள்ளிப்போனதைவிட, அக்கா ஒரு வருடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதுதான் அவளுடைய பேச்சுவார்த்தைகளில் பெரிய கேள்வியாக வந்து நிற்கும். இதை அம்மாவிடம் இப்படியே சொல்லலாம். அவர் கவலைப்படுகிற மொழி அதுதான்.

இன்னொன்று, உங்களை யாரும் பாரமாக நினைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. பவுன் போட்டு அனுப்பினால் பெண் கணக்கு முடிந்தது என்று நம் ஊரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை.

இனி என்ன செய்வது. முதலில், அவருக்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள். விசேஷ வீட்டில் நீங்களும் சிரித்தீர்கள். ‘பரவாயில்லைங்க’ என்று பல இடத்தில் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எதில் உங்களுக்குச் சம்மதம் இல்லை என்பதை அவர் ஒரு தடவையாவது தெளிவாக, அழுகை கலக்காமல் கேட்டிருக்க வேண்டும். ஃபோனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். நேரில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில், ஒரு ஹோட்டலிலோ கோயில் பிராகாரத்திலோ உட்கார்ந்து பேசுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். முதல் நாள் அந்தக் கேலியும் மௌனமும் மட்டும்.

“அன்னைக்கு எல்லார் முன்னாடியும் முப்பது வயசுன்னு சொன்னது எனக்கு அவமானமா இருந்துச்சுங்க. இன்னொரு தடவை அப்படிச் சொன்னா நான் சிரிக்க மாட்டேன், எழுந்து வந்துடுவேன். கோபம் வந்தா ஒரு நாள் தனியா இருக்கணும்னு சொல்லுங்க, இருக்கலாம். சொல்லாம நாலு நாள் காணாமப் போனா, அஞ்சாம் நாள் புடவையோட வந்தாலும் முதல்ல அதைப் பேசித்தான் ஆகணும்.”

இந்தப் பேச்சில் அவர் இதைச் செய்ய வேண்டும், அதைச் செய்ய வேண்டும் என்ற கட்டளை அதிகம் இல்லை என்பதைப் பாருங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் அதிகம். ஒருவர் வாயை நம்மால் கட்ட முடியாது. எழுந்து வருவது நம் கையில் இருக்கிறது. சொன்னால் செய்யவும் வேண்டும்; சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தால் சொல்லாமல் இருந்ததைவிட மோசம். லொகேஷனும் அப்படித்தான். திடீரென்று அணைத்துவிடாதீர்கள். “ஆபீஸ் நேரத்துல லொகேஷன் ஆஃப் பண்ணிடுவேன், ஏழு மணிக்கு மேல நானே கூப்பிடறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அணையுங்கள். சம்பளத்தைப் பிறகு பேசலாம்: “என் சம்பளம் என் கணக்குலதாங்க இருக்கும். வீட்டுக்கு எவ்வளவுன்னு ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணலாம்.”

அன்று மாலை அவர் முகம் சுண்டினால் அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். யாருக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருக்கும். அடுத்த சில வாரங்களைப் பாருங்கள். முணுமுணுத்துக்கொண்டே ஆனாலும் மிஸ்டு கால் குறைகிறதா? சம்பளத்தைப் பற்றி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறாரா? தப்புதான் என்று அரைகுறையாகவாவது சொல்கிறாரா? அப்படியானால் அவரோடு உட்கார்ந்து பேச முடியும், நான் மகிழ்வேன். ‘கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று நழுவினால், பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டு ‘பொண்ணுக்குத் திமிர்’ என்று புகார் சொன்னால், மறுபடி நாலு நாள் மௌனம் என்றால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: கல்யாணத்தை நிறுத்துங்கள். மிரட்டல், ஃபோட்டோவை வெளியிடுவேன் என்கிற பேச்சு ஏதாவது வந்தால் தனியாகச் சமாளிக்க முயலாதீர்கள். 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம். மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலிமானஸ், தமிழிலேயே பேசுவார்கள்.

உங்கள் கடிதத்தில் அப்பா எங்குமே வரவில்லை. இருக்கிறாரா, இல்லையா, பேச முடியாதவரா என்று தெரியவில்லை. அவர் இல்லாவிட்டால் தாய்மாமா, அண்ணன், சித்தி என்று உங்கள் பேச்சை முழுசாகக் கேட்கிற ஒருவரைப் பிடியுங்கள். அவரிடம் ‘மாப்பிள்ளை சரியில்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் ‘எந்த ஆம்பளை சரி’ என்ற பதில்தான் வரும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பெரியப்பா வீட்டில் அவர் சொன்ன வார்த்தையை, சொன்னது போலவே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவிடமும் அந்த வார்த்தையைச் சொன்னீர்களா? ‘கேலி பண்ணினார்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அவருக்கு அதன் கனம் தெரிந்திருக்காது. பெற்ற பெண்ணைச் சபையில் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால் பல அம்மாக்கள் மாறிவிடுவார்கள். நிறுத்துவது என்ற பேச்சுக்கு வீடு மிரண்டால், தள்ளிப்போடுவது என்று கேளுங்கள். ஆவணியை விட்டால் ஐப்பசி இருக்கிறது, கார்த்திகை இருக்கிறது, தை இருக்கிறது.

கவுன்சலிங்குக்கு வரலாமா என்றால், தாராளமாக வாருங்கள், ஆனால் உங்களைப் பழுதுபார்ப்பதற்காக அல்ல. முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். கல்யாணத்துக்கு முன் ஜோடியாக ஆலோசனைக்கு வருவது இப்போது கோவையிலும் திருப்பூரிலும் புதிதல்ல. இருவரையும் முதலில் தனித்தனியாகப் பார்ப்போம், அப்புறம் சேர்ந்து. “எனக்கென்ன பைத்தியமா” என்று அவர் மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள், அந்த மறுப்பையும் சேர்த்துப் பேசுவோம். பத்திரிகை அடித்துவிட்டதாக நீங்கள் எழுதவில்லை. இன்னும் அடிக்கவில்லை என்றால், பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் தேதியை அவரோடு நீங்கள் பேசி முடித்து, மேலே சொன்ன அந்தச் சில வாரங்களும் கழிந்த பிறகு வையுங்கள்.